துடிக்கும் முள் உண்மை சொல்லுமா?

தை மாதத்து விடியற்காலை. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை முடிந்து களம் முழுவதும் நெல் குவியல் குவியலாகக் கிடக்கிறது. பனியில் நனைந்த படுதாவை விலக்கிவிட்டு, விவசாயி ஒருவர் காலால் நெல்லைக் கிளறிக் காய வைத்துக்கொண்டிருக்கிறார். வெயில் ஏறியதும் ஒரு மணியை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடிக்கிறார். 'டக்'கென்று முறிகிறது. காய்ந்துவிட்டது என்று அவருக்குத் திருப்தி.

பட்டியல் எழுத்தர் வருகிறார். குவியலிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து ஒரு சிறு பெட்டியில் இடுகிறார். பெட்டி 17.4 என்று காட்டுகிறது. நெல்லில் இருக்கலாம் என்று பொதுவாக அனுமதிக்கப்படும் ஈரப்பதத்தின் உச்ச அளவோ 17 சதவீதம்.

"இன்னும் ஒருநாள் காயட்டும்ங்க."

"அரை சதவீதம்கூடக் கூடுதல் இல்லையே, சார்! ராத்திரி மழை வந்தா என்ன பண்றது?"

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஈர நெல்லை அடுக்கிவைத்தால் அது சூடேறும், பூசணம் பிடிக்கும், அரிசி பழுப்பேறும். ஆகவே ஓர் எல்லை வேண்டும். மறுபுறம், ஒருநாள் தாமதத்தில் ஒரு மழை வந்தால் ஆறு மாத உழைப்பு களத்திலேயே முளைத்துவிடும். இத்தனையும் அந்தச் சிறு பெட்டி காட்டிய ஓர் எண்ணைப் பொறுத்தது. அந்த 17.4 என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பெட்டிக்குள் இருப்பது ஒரு மின்சார அளவி. பழைய பெட்டிகளில் ஒரு முள் அசைந்து அளவைக் காட்டியது. இன்றைய பெட்டிகளில் பெரும்பாலும் எண்களே தெரிகின்றன. ஆனால் கேள்வி பழையதுதான். முள் உள்ள அளவி எப்படி வேலை செய்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பதை அறிந்துகொண்டால் எண் காட்டும் அளவியையும் எடைபோட்டுவிடலாம். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள கால்வனாமீட்டரிலிருந்தே தொடங்குவோம்.

பொற்கொல்லர் தராசு

பொற்கொல்லரின் தராசைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். மூச்சுக் காற்று பட்டாலே தட்டு ஆடும். ஒரு குன்றிமணியை வைத்தால் சட்டென்று இறங்கும். மிகச் சிறிய மாற்றத்துக்கும் பெரிதாக அசைந்து காட்டும் இந்தக் குணத்துக்கு 'உணர்திறன்' என்று பெயர்.

அதே தராசில் ஒரே மோதிரத்தைப் பத்து முறை நிறுத்துப் பாருங்கள். பத்து முறையும் ஏறக்குறைய ஒரே எடை வந்தால் அந்தத் தராசுக்கு 'நுட்பம்' உண்டு என்கிறோம். ஒரு முறை கூடவும் ஒரு முறை குறையவும் காட்டினால், தட்டு எவ்வளவு துடித்தாலும் நுட்பம் இல்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பத்து முறையும் ஒரே எடை வருகிறது. ஆனால் நிறுக்கப் பயன்படுத்திய படிக்கல்லே தேய்ந்துபோயிருந்தால்? பத்து முறையும் ஒரே பொய்யைத் தராசு சொல்லிக்கொண்டிருக்கும்! உண்மையான எடைக்கு அளவீடு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே 'துல்லியம்'.

உணர்திறன், நுட்பம், துல்லியம் ஆகிய மூன்றும் வெவ்வேறு. ஒன்று இருந்தால் மற்றவையும் இருக்கும் என்று நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

முள்ளை நகர்த்துவது எது?

மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புகிறது என்பதை டென்மார்க் நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட் 1820-இல் கண்டறிந்தார். 1882-இல் பிரான்சு நாட்டு அறிஞர் தார்சன்வால், நிலையான காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருளைத் தொங்கவிட்டு, மின்னோட்டம் பாயும்போது சுருள் திரும்பும்படி செய்தார். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் எட்வர்டு வெஸ்டன் இதையே எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய உறுதியான கருவியாக மாற்றினார். இன்றும் முள் உள்ள பெரும்பாலான அளவிகளின் உயிர்நாடி இந்த இயங்குசுருள் அமைப்புதான்.

அதன் வேலை எளியது. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் காந்தப்புலம் அதைத் திருப்புகிறது. சுருளோடு இணைந்த மெல்லிய சுருள்வில் அதை எதிர்த்து இழுக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. சுருளின் சுற்றுகள், பரப்பு, காந்தப்புலம் ஆகியவை கூடினால் முள் அதிகம் விலகும். வில்லின் விறைப்பு கூடினால் குறைவாக விலகும்.

அப்படியானால் உணர்திறனைக் கூட்டுவது எளிதல்லவா? மெல்லிய கம்பியில் நிறையச் சுற்றுகள் சுற்றி, வில்லை மிக மென்மையாக்கிவிட்டால் போதுமே! இங்கேதான் இயற்கை தன் கணக்கைக் கேட்கிறது.

சுருளின் அச்சு இரண்டு சிறு மணிக்கல் தாங்கிகளுக்கு நடுவே சுழல்கிறது. அங்கே உராய்வு உண்டு. வில் வலுவாக இருந்தால் அந்த உராய்வு ஒரு பொருட்டே இல்லை. வில் மிக மென்மையாக இருந்தால் முள்ளைத் திருப்பும் விசையும் மிகச் சிறிதாக இருக்கும். அப்போது உராய்வு அதனோடு போட்டி போடத் தொடங்கும். ஒரே மின்னோட்டத்துக்கு ஒரு முறை இங்கேயும் மறுமுறை சற்றுத் தள்ளியும் முள் நிற்கும். அதாவது உணர்திறன் கூடியது, நுட்பம் குறைந்தது. தூசு, அதிர்ச்சி, சாய்த்து வைப்பது எல்லாமே மென்மையான அளவியை எளிதில் கெடுத்துவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். முள் நின்றபின் கண்ணாடியின் மேல் விரல் நுனியால் மெதுவாகத் தட்டுங்கள். முள் சற்று நகர்ந்து வேறிடத்தில் நின்றால், உராய்வு அதைப் பிடித்து வைத்திருந்தது என்று பொருள். எவ்வளவு நகர்ந்ததோ, குறைந்தது அந்த அளவுக்கு உங்கள் அளவீட்டில் ஐயம் இருக்கிறது.

ருசி பார்க்கப் போய்ப் பானையைக் காலி செய்வதா?

உணர்திறன் தொல்லைதான் என்றால், உணர்திறன் குறைந்த முரட்டு அளவியே போதும் என்று நினைக்கிறீர்களா? அவசரப்பட வேண்டாம்.

சிறு கிண்ணத்தில் ரசம் இருக்கிறது. உப்பு சரியா என்று பார்க்க வேண்டும். ஒரு சொட்டு எடுத்தால் கிண்ணத்துக்கு ஒன்றும் ஆகாது. பெரிய கரண்டியால் அள்ளினால் கிண்ணமே காலியாகிவிடும்! மின்சுற்றை அளக்கும் அளவியும் இப்படித்தான். தன் முள்ளை நகர்த்தத் தேவையான மின்னோட்டத்தை அது அளக்கும் சுற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உணர்திறன் குறைந்த அளவிக்குப் பெரிய கரண்டி வேண்டும்.

மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் கருவியை 1923-இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்டு மெக்கேடி உருவாக்கினார். ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஏவோ மீட்டர்' என்று அதற்குப் பெயர். அந்த வகைக் கருவிகளையே பிற்காலத்தில் மல்டிமீட்டர் என்று அழைத்தோம். வானொலி பழுதுபார்க்கும் கடைகளில் இரண்டு தலைமுறைகளுக்கு அது இல்லாமல் வேலை நடக்கவில்லை.

மல்டிமீட்டரின் முகப்பில் 'ஒரு வோல்ட்டுக்கு இத்தனை ஓம்' என்று ஒரு குறிப்பு இருக்கும். அதுவே அதன் உணர்திறன். முள்ளை அளவுகோலின் கடைசிவரை நகர்த்த 1 மில்லி ஆம்பியர் தேவைப்படும் அளவிக்கு வோல்ட்டுக்கு 1,000 ஓம். 50 மைக்ரோ ஆம்பியரே போதும் என்ற அளவிக்கு வோல்ட்டுக்கு 20,000 ஓம். எண் பெரிதானால் கரண்டி சிறிது.

இப்போது ஒரு சோதனை. 9 வோல்ட் மின்கலம் ஒன்றும் ஆளுக்கு 1 லட்சம் ஓம் மதிப்புள்ள இரண்டு மின்தடைகளும் போதும். இரண்டு தடைகளையும் தொடராக மின்கலத்தோடு இணையுங்கள். இரண்டும் சமம் என்பதால் மின்னழுத்தம் சமமாகப் பிரியும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் இருப்பது 4.5 வோல்ட். ஐயத்துக்கு இடமில்லை.

வோல்ட்டுக்கு 1,000 ஓம் அளவியை 10 வோல்ட் வீச்சில் வைத்து ஒரு தடையின் குறுக்கே இணைத்தால் என்ன காட்டும்? அந்த வீச்சில் அளவியின் மின்தடை 10,000 ஓம். அது 1 லட்சம் ஓமுக்குப் பக்க இணைப்பாகச் சேர, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9,090 ஓம் ஆகிவிடும். ஓம் விதிப்படி கணக்கிட்டால் முள் காட்டுவது 0.75 வோல்ட். இருந்தது 4.5, காட்டியது முக்கால்!

வோல்ட்டுக்கு 20,000 ஓம் அளவி அதே வீச்சில் 2 லட்சம் ஓம் தடை உள்ளது. அது 3.6 வோல்ட் காட்டும். பரவாயில்லை என்றாலும் உண்மைக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 1 கோடி ஓம் உள்தடை கொண்ட இன்றைய எண் காட்டும் அளவி சுமார் 4.48 வோல்ட் காட்டும்.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். முதல் அளவியை நூறு முறை இணைத்தாலும் அது 0.75 என்றே காட்டும். முள் ஆடாது, அசையாது. அதன் நுட்பத்தில் குறையே இல்லை. ஆனால் நூறு முறையும் தவறு. அளவி சொன்னதும் பொய்யல்ல: அது இணைந்திருந்த நேரத்தில் அங்கே உண்மையிலேயே 0.75 வோல்ட்தான் இருந்தது. அளக்கப் போன நாமே அளக்கவேண்டியதை மாற்றிவிட்டோம்!

மோட்டார் கொட்டகையில் ஒரு பேய்

எண் பெரிதான அளவியே எப்போதும் சிறந்தது என்று முடிவு கட்டலாமா? அதற்கு முன் வயலுக்கு நடுவே உள்ள மோட்டார் கொட்டகைக்குப் போய்வருவோம்.

காவிரிக்கும் டெல்டாவின் மின்சாரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை பாசன நீரைத் தேக்கியதோடு 1937 முதல் மின்சாரமும் தந்தது. ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமாகும் ஆண்டுகளில் குறுவை நாற்றங்காலைக் காப்பது, ஃபில்டர் பாயின்ட் குழாய்க் கிணறும் அதில் ஓடும் மின்மோட்டாரும்தான்.

மும்முனை மின்சாரத்தில் ஒரு ஃபேஸின் ஃபியூஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் உறுமுகிறது, ஓடவில்லை. மின்பணியாளர் மோட்டாரைத் துண்டித்துவிட்டுக் கம்பிகளைச் சோதிக்கிறார். மிகுந்த உணர்திறன் கொண்ட அளவியை உயிரற்ற கம்பியில் வைத்தால், அது பூஜ்யம் காட்டாமல் ஐம்பதோ நூறோ வோல்ட் காட்டக்கூடும். கம்பியில் உயிர் இருக்கிறதா, இல்லையா?

நடப்பது இதுதான். உயிரற்ற கம்பி, உயிருள்ள கம்பிகளோடு ஒரே குழாய்க்குள் பல மீட்டர் தூரம் ஒட்டியபடி வருகிறது. இரண்டு கம்பிகளும் நடுவில் உள்ள உறையும் சேர்ந்து ஒரு சிறு மின்தேக்கி போல ஆகின்றன. மாறுதிசை மின்சாரம் அதன் வழியே துளித்துளியாகக் கசிகிறது. அந்தத் துளி ஒரு விளக்கின் இழையைச் சூடாக்கவும் போதாது. ஆனால் துளியே போதும் என்று காத்திருக்கும் அளவிக்கு அது பெரிய செய்தி! இதைப் 'பேய் மின்னழுத்தம்' என்று பணியாளர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உள்தடை குறைந்த அளவியை வைத்தால் அந்தத் துளியை அது குடித்துவிடும். முள் பூஜ்யத்தருகே இறங்கிவிடும். பேய் மறைந்துவிடும்!

ஆகவே இங்கே குறைந்த உணர்திறனே சரியான விடையைத் தந்தது. இதற்கென்றே உள்தடையைக் குறைத்துக்கொள்ளும் வசதி வைத்த அளவிகளும் இன்று கிடைக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனையை நீங்கள் செய்யவே கூடாது. பயிற்சி பெற்ற மின்பணியாளர் சோதித்து முடிக்கும்வரை எல்லாக் கம்பியும் உயிருள்ள கம்பி என்றே கொள்ள வேண்டும். உங்களுக்கு 9 வோல்ட் மின்கலமே போதுமான ஆசான்.

முகப்பில் எழுதிய வாக்குறுதி

முள் அளவி ஒன்றின் முகப்பின் ஓரத்தில் 1 அல்லது 1.5 அல்லது 2.5 என்று ஒரு சிறு எண் இருக்கும். இது துல்லிய வகுப்பு. இந்தியத் தர நிர்ணயங்களும் இந்த வகுப்புகளை வரையறுக்கின்றன. 2.5 என்றால் என்ன பொருள்? 'குறித்த நிலைமைகளில் என்னைப் பயன்படுத்தினால், முழு அளவுகோலின் மதிப்பில் 2.5 சதவீதத்துக்கு மேல் நான் தவற மாட்டேன்' என்பது தயாரிப்பாளர் தரும் வாக்குறுதி.

'முழு அளவுகோலின் மதிப்பில்' என்ற சொற்களை மறந்துவிடாதீர்கள். அளவுகோல் 500 வோல்ட் என்றால், பிழை 12.5 வோல்ட் வரை போகலாம். முள் 400-இல் நிற்கும்போது அது மூன்று சதவீதம்தான். அதே முள் 40-இல் நின்றாலும் பிழை அதே 12.5 வோல்ட் வரை போகலாம். அப்போது அது முப்பது சதவீதத்துக்கும் மேல்! ஆகவேதான் முள் அளவுகோலின் மேல் பாதியில், முடிந்தால் கடைசி மூன்றில் ஒரு பங்கில் நிற்கும்படி வீச்சைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்.

அளப்பவரின் கண்ணும் பிழை செய்யும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முள் வேறு கோட்டின்மேல் இருப்பதுபோலத் தோன்றும். நல்ல அளவிகளில் அளவுகோலை ஒட்டி ஒரு கண்ணாடிப் பட்டை பதித்திருப்பது இதற்காகத்தான். முள்ளின் பிம்பம் முள்ளுக்குப் பின்னே மறையும்படி கண்ணை வைத்துப் படித்தால் இந்தப் பிழை ஒழியும்.

சரி, இந்த வாக்குறுதியை யார் சரிபார்ப்பது? தேய்ந்த படிக்கல்லை நல்ல படிக்கல்லோடு ஒப்பிட்டுத்தானே கண்டுபிடிக்கிறோம்? அதுபோல அளவியை அதைவிடச் சிறந்த அளவியோடும், அதை இன்னும் சிறந்ததோடும் ஒப்பிடுகிறார்கள். நம் நாட்டில் இந்தச் சங்கிலியின் மேல்முனை புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. எவ்வளவு துடிப்பான முள்ளாக இருந்தாலும், இந்தச் சங்கிலியில் கோக்கப்படாதவரை அதன் சொல்லுக்குச் சாட்சி இல்லை.

மீண்டும் களத்துக்கு

இப்போது நெல் களத்துக்குத் திரும்புவோம். அந்தப் பெட்டி ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. மின்சாரத்தை அளந்து ஈரத்தை ஊகிக்கிறது. சில பெட்டிகள் நெல்லை நெருக்கி அழுத்தி அதன் மின்தடையை அளக்கின்றன. வேறு சில, நெல்லை மின்தேக்கியின் தகடுகளுக்கு நடுவே வைத்து மின்தேக்குத்திறனை அளக்கின்றன. நீரின் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய 80. உலர்ந்த தானியத்துக்கோ மிகச் சில மட்டுமே. எனவே சிறிது ஈரம் கூடினாலும் மாற்றம் தெரியும்.

மின்தடை முறைக்கு உணர்திறன் எவ்வளவு தெரியுமா? அமெரிக்க வேளாண்துறை இயற்பியலாளர் லைமன் பிரிக்ஸ் 1908-இல் கோதுமையை ஆராய்ந்தார். 13 சதவீத ஈரமுள்ள கோதுமையின் மின்தடை, 14 சதவீத ஈரமுள்ளதைப்போல ஏழு மடங்கு. 15 சதவீத ஈரமுள்ளதைப்போல ஐம்பது மடங்கு! ஒரு சதவீத ஈரத்துக்கு ஏழு மடங்கு மாற்றம் என்றால் முள் குதிக்காமல் என்ன செய்யும்? உணர்திறனுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

பஞ்சம் வேறிடத்தில். நெல் சூடாக இருந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரம் கூடுதல் என்று பெட்டி ஏமாறும். ஆகவே வெப்பநிலைக்குத் திருத்தம் செய்ய வேண்டும். அதிகாலைப் பனி உமியின்மேல் படிந்திருந்தால், உள்ளே காய்ந்த நெல்லும் ஈர நெல்லாகத் தெரியும். வெயிலில் அவசரமாகக் காய்ந்த நெல்லுக்கு வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கியிருந்தால், பெட்டி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆடுதுறை 43 போன்ற சன்ன ரகமும் சி.ஆர். 1009 போன்ற மோட்டா ரகமும் பெட்டிக்குள் ஒரேமாதிரி நெருங்கி அமர்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குவியலின் உச்சியில் உள்ள நெல்லும் அடியில் உள்ள நெல்லும் ஒன்றல்ல. ஒரு பிடி நெல், குவியல் முழுவதற்கும் சாட்சி சொல்ல முடியுமா?

உண்மையான ஈரத்தை அறிய ஒரு நேர்வழி, நெல்லை நிறுத்து, உலர்த்தும் அடுப்பில் வைத்து நீரை முழுவதும் நீக்கி, மறுபடி நிறுப்பது. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வுக்கூடங்கள் இதைச் செய்கின்றன. திருவாரூரில் நவீன அரிசி ஆலையை ஒட்டிய சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, இன்று தேசிய நிறுவனமாக விளங்குவது அது. ஆனால் அடுப்பு முறைக்குப் பல மணி நேரம் ஆகும். வண்டிகள் வரிசையில் நிற்கும் களத்துக்கு அது ஒத்துவராது. ஆகவே அடுப்போடு ஒப்பிட்டுச் சரிசெய்த பெட்டியைக் களத்துக்கு அனுப்புகிறோம். அடுப்புதான் நல்ல படிக்கல்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அடுப்பு முறைப்படி 16.8 சதவீத ஈரமுள்ள நெல்லை இரண்டு பெட்டிகளில் ஐந்தைந்து முறை அளந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் பெட்டி 17.9, 17.9, 18.0, 17.9, 17.9 என்று காட்டுகிறது. இரண்டாவது 16.2, 17.5, 16.9, 16.4, 17.1 என்று காட்டுகிறது. எது நல்ல பெட்டி?

முதல் பெட்டியின் எண்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியவில்லை. பார்ப்பவருக்கு நம்பிக்கை பிறக்கும். ஆனால் அதன் சராசரி 17.92, உண்மைக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் அப்பால். இரண்டாவது பெட்டியின் எண்கள் தள்ளாடுகின்றன. ஆனால் அவற்றின் சராசரி 16.82, உண்மைக்கு வெகு அருகில். முதல் பெட்டியில் ஆயிரம் முறை அளந்தாலும் தவறு குறையாது. அடுப்போடு ஒப்பிட்டுத் திருத்தினால் மட்டுமே குணமாகும். இரண்டாவதை ஒரே ஒரு முறை அளந்து தீர்ப்பு சொல்வது ஆபத்து. பல இடத்து நெல்லை எடுத்துப் பல முறை அளந்து சராசரி பார்த்தால் அது நல்ல நண்பன்.

இதில் எவ்வளவு தண்ணீர் அடங்கியிருக்கிறது என்றும் பார்த்துவிடுவோம். 17.4 சதவீத ஈரமுள்ள 40 கிலோ சிப்பத்தில் உலர்ந்த பொருள் 33.04 கிலோ. அதுவே 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் சிப்பம் சுமார் 39.81 கிலோ இருக்கும். வித்தியாசம் 190 கிராம் தண்ணீர்! ஒரு சிப்பத்தில் ஒரு டம்ளர். அந்த ஒரு டம்ளர் தண்ணீருக்காக ஒரு குவியல் இன்னொரு இரவு வானத்தின் கீழ் கிடக்க வேண்டியிருக்கிறது.

2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழை பெய்து டெல்டாவின் சம்பா நெல் நனைந்தபோது, ஈரப்பத எல்லையை மத்திய அரசு 20 சதவீதம் வரை தளர்த்தியது. எல்லையை மாற்றுவது அரசின் முடிவு. ஆனால் எல்லை 17 ஆனாலும் 20 ஆனாலும், அதன் அருகே வரும் நெல்லை எப்படி அளப்பது என்ற கேள்வி மாறுவதில்லை. பெட்டியின் பிழை அரை சதவீதம் வரை இருக்கலாம் என்றால், 17.4 என்ற எண்ணுக்கு 'எல்லையைத் தாண்டிவிட்டது' என்று பொருளல்ல. 'இந்தப் பெட்டியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்றே பொருள். பெட்டியில் தசமப் புள்ளிக்குப் பின் ஓர் எண் ஒளிர்வதாலேயே அந்த எண் உண்மையாகிவிடாது. முள் துடிப்பதும் எண் ஒளிர்வதும் உணர்திறனின் அடையாளங்கள். துல்லியத்துக்குச் சான்று அல்ல.

அப்படியானால் நம் காட்சியில் இருந்த இருவரும் என்ன செய்திருக்க வேண்டும்? குவியலின் மேல், நடு, அடி ஆகிய இடங்களிலிருந்து நெல் எடுத்து, நிழலில் சற்று ஆறவிட்டு, மூன்று அல்லது ஐந்து முறை அளந்து சராசரி கண்டிருக்கலாம். அந்தப் பெட்டி கடைசியாக எப்போது ஒப்பிட்டுச் சரிசெய்யப்பட்டது என்று பார்த்திருக்கலாம். பத்து நிமிட வேலை. அதன்பின் கிடைக்கும் எண் 17-க்குக் கீழே இருக்கலாம், மேலேயும் இருக்கலாம். எதுவானாலும் அதை இருவரும் ஏற்க முடியும்.

மாணவ நண்பர்களே, இனி எந்த அளவியின்முன் நின்றாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எவ்வளவு சிறிய மாற்றத்தை இது உணரும்? மறுபடி அளந்தால் அதையே சொல்லுமா? சொல்வது உண்மை என்பதற்கு எந்தப் படிக்கல் சாட்சி? மூன்றுக்கும் விடை கிடைத்தபின் முள்ளைப் படியுங்கள். உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் ஒரே ஓர் எண்ணை எழுதிவிட்டு மூடாமல், ஐந்து முறை அளந்து ஐந்தையும் எழுதுங்கள். நாளை உங்களில் ஒருவர் அந்தக் களத்தில் பெட்டியைக் கையில் பிடித்து நிற்கலாம். இன்னொருவர் நெல்லோடு எதிரே நிற்கலாம்.